ஹெரால்டா, எஸ்.எஸ். 80-ஆ? ஷெட்ல நிக்கறது ரெண்டு, இடம் ஒண்ணுக்குத்தான்

பின்கட்டு ஷெட் | சனி, இரவு 10.12

வணக்கம். இத்தனை நாளா படிச்சுட்டு மட்டும் போனவன், முதல் தடவையா எழுதறேன்.

காரைக்குடியில எங்க பழைய வீட்டை விக்கறோம். தை பொறந்ததும் கிரயம். பின்கட்டு ஷெட்ல ரெண்டு வண்டி நிக்குது. ஒண்ணு அப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3, 1969, நாலு கதவு. இன்னொண்ணு 1985 மாருதி 800. அந்த முதல் பாடி, எஸ்.எஸ். 80. ஹெரால்டு கடைசியா ஓடினது 2004ல. மாருதியை 2011 வரைக்கும் அம்மா ஓட்டினாங்க. இப்ப ரெண்டும் செங்கல் மேல.

நான் இருக்கறது மடிப்பாக்கத்துல அபார்ட்மென்ட். பார்க்கிங் ஒண்ணுதான், அதுலயும் பாதியை தூண் தின்னுடுச்சு. இப்ப நான் ஓட்டற வண்டி தெருவுல நிக்கட்டும்னு வீட்ல சம்மதம் வாங்கிட்டேன். பட்ஜெட் மூணரை லட்சம். அதுக்கு மேல போனா நானும் செங்கல் மேலதான்.

மச்சான் சொல்றார்: "மாருதிக்கு மூலைக்கு மூலை ஸ்பேர் கிடைக்கும். ஹெரால்டை பழைய இரும்புக்குப் போட்டுட்டு நிம்மதியா இரு." அவர் சொல்றது சரியா?

மூணு சிலிண்டர் | சனி, இரவு 10.40

மச்சான் சொல்றதைக் கேளுங்க ப்ரோ.

எஸ்.எஸ். 80ல இருக்கறது 796 சிசி எஃப்8பி இன்ஜின். அதே குடும்பத்து இன்ஜின்தான் ஆம்னியிலயும் வந்துச்சு. பிஸ்டன், ரிங்கு, ஹெட் கேஸ்கெட், வாட்டர் பம்ப், எதுவா இருந்தாலும் எந்த ஊர் ஸ்பேர் கடையிலயும் போய் நின்னு வாங்கலாம். இன்ஜினைக் கழட்டினா ரெண்டு பேர் தூக்கிட்டுப் போயிடலாம், அவ்வளவு லேசு.

சரித்திரம்னு பார்த்தாலும் சாதாரண வண்டி இல்ல. 1983 டிசம்பர் 14, இந்திரா காந்தி கையால முதல் சாவி கொடுத்தது இந்த பாடிக்குத்தான். 1986ல புது பாடி வந்துடுச்சு. ஆக மொத்தம் மூணு வருஷத்து வண்டி. தெருவுல நீங்க பார்த்த 800ல நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது அந்த ரெண்டாவது பாடிதான்.

பட்டறை சீனியர் | ஞாயிறு, காலை 6.55

தம்பி, மச்சான் சொன்னதுல பாதி சரி. மீதிப் பாதியிலதான் உன் மூணரை லட்சம் போகும்.

மாருதிக்கு இன்ஜின் சாமான் கிடைக்கும், மறுக்கல. பாடி சாமான்? மூணு சிலிண்டர் தம்பியே சொல்லிட்டாரு, மூணு வருஷம் வந்த பாடின்னு. ரெண்டாவது பாடியோட கதவு அதுல உக்காராது. பானெட் உக்காராது. முன் கண்ணாடி, டெயில் லைட்டு எதுவுமே மாத்திப் போட முடியாது. முதல் பாடி வண்டிய முக்காவாசி பேரு ஓட்டித் தேச்சு உடைச்சுப் போட்டாச்சு. அன்னைக்கு யாரு அத எடுத்து வச்சா? அது வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போற வண்டி.

இன்னொண்ணு, மாருதிக்கு சேஸ் கிடையாது. தகரமேதான் சேஸ். தரை உளுத்துச்சுன்னா வண்டியே உளுத்துச்சு. ஹெரால்டு அப்படி இல்ல. கீழ தனி சேஸ், மேல பாடிய போல்ட்டு போட்டு முடுக்கிருக்கான். கூரை, டிக்கிப் பக்கம், முன்பக்கம்னு தனித்தனியா கழண்டு வரும். அந்த முன்பக்கம் இருக்கே, பானெட்டும் ரெண்டு மட்கார்டும் ஒரே துண்டா முன்னாடி சாயும். சாச்சு வச்சுட்டு முன் டயர் மேல உக்காந்து, டீ கிளாஸ பக்கத்துல வச்சு, குனியாம வேல பாக்கலாம். நாப்பது வருஷம் ஆச்சு நான் தொழிலுக்கு வந்து, இடுப்பு வலிக்காம வேல பார்த்த ஒரே காரு அதுதான்.

ரெண்டையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரக் கொண்டு குத்திப் பார்த்துட்டு வந்து எழுது. அப்புறம் பேசுவோம்.

பத்மினி பைத்தியம் | ஞாயிறு, காலை 7.30

இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு நல்ல பிரீமியர் பத்மினி காரை வாங்கிப் போட்டிருந்தா இந்தத் தலைவலியே இல்ல. கியர் ஸ்டீயரிங்லயே இருக்கும், முன்னாடி மூணு பேர் உக்காரலாம்…

நெறியாளர் | ஞாயிறு, காலை 7.42

பத்மினிக்குத் தனி இழை இருக்கிறது. ஏழாவது முறையாகச் சொல்கிறேன்.

வண்டலூர் மேற்கு | ஞாயிறு, காலை 9.05

ஹெரால்டுன்னு தலைப்புல பார்த்ததும் ஓடி வந்தேன். எங்க அப்பா பெருங்களத்தூர் பக்கம் ஹெரால்டு பண்ணின அந்த ஸ்டாண்டர்ட் ஃபேக்டரி பெயின்ட் ஷாப்ல இருந்து ரிட்டயர் ஆனவர். வண்டலூர் தாண்டற ஒவ்வொரு தடவையும் பஸ்ல எழுந்து நின்னு காட்டுவார்.

சீனியர் சொன்ன அந்தத் தனி சேஸுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1950கள்ல காவென்ட்ரியில ஸ்டாண்டர்ட் டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி அடிச்சுக் கொடுத்துட்டு இருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை, போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953ல வாங்கிடுச்சு. அப்புறம் முழு பாடி அடிச்சுக் கொடுக்க ஆள் இல்ல. சரி, துண்டு துண்டா வெவ்வேற இடத்துல அடிச்சு சேஸ் மேல முடுக்கிடலாம்னு முடிவு பண்ணினாங்க. உலகம் பூரா தனி சேஸை விட்டுட்டு இருந்த நேரத்துல இவங்க மட்டும் அதுக்குத் திரும்பிப் போனாங்க. டிசைனுக்கு இத்தாலிக்காரர் மிகலாட்டியைப் பிடிச்சாங்க. 1959ல அங்க டிரையம்ஃப் ஹெரால்டா வெளிவந்தது, 1961ல இங்க மெட்ராஸுக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்டா வந்துடுச்சு.

அங்க வேறவழியில்லாம செஞ்சது, இங்க ஊர் ஊருக்கு டிங்கரிங் பண்றவங்களுக்கு வரமாப் போச்சு.

ஷெட் சார், உங்க வண்டி நாலு கதவு. அது இங்கிலாந்துலயே கிடையாது. அங்க சலூன் எல்லாம் ரெண்டு கதவுதான். நாலு கதவு நம்ம ஊர்ல மட்டும் பண்ணினது. அதனால ஒரு எச்சரிக்கை: இன்ஜினுக்கும் முன் சஸ்பென்ஷனுக்கும் இங்கிலாந்துலேர்ந்து புது பாகமே வரவழைக்கலாம். அந்த இன்ஜின் வம்சம் 1980 வரைக்கும் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார்ல ஓடினது, அங்க வச்சுப் பராமரிக்கறவங்க இன்னும் ஏராளம். ஆனா பின் கதவு, அதைச் சுத்தின தகரம், அதுக்குள்ள ரப்பர் பீடிங் எல்லாம் அங்க யாருக்கும் தெரியாது. அதைக் கையாலதான் அடிக்கணும்.

மூணு சிலிண்டர் | ஞாயிறு, காலை 11.20

கதை நல்லாருக்கு சார். ஓட்டறதுக்கு? 1959லயே அங்க ஒரு பத்திரிகை டெஸ்ட் பண்ணினப்போ நின்ன இடத்துலேர்ந்து 60 மைல் வேகம் தொட 31 செகண்ட் ஆச்சு. 948 சிசி, 800 கிலோ எடை. அதே டெஸ்ட்ல மைலேஜ் நம்ம கணக்குல லிட்டருக்கு 12. மாருதி ஐந்நூறு ரூபாய் பெட்ரோல்ல செங்கல்பட்டு போய்ட்டு வந்துடும். சந்து பொந்துல திருப்பறதுக்கும் மாருதி மாதிரி வராது.

கோவைக்காரன் | ஞாயிறு, மதியம் 12.03

> சந்து பொந்துல திருப்பறதுக்கும் மாருதி மாதிரி வராது

இதுல மட்டும் தப்பு பண்ணிட்டீங்க தம்பி. ஹெரால்டு முழு வட்டம் அடிக்க 25 அடி போதுமுங்க. மீட்டர்ல 7.6. மாருதி 800க்கு திரும்பும் ஆரம் 4.4 மீட்டர், வட்டமாப் பார்த்தா 8.8. ஹெரால்டு அதைவிட அரை மீட்டருக்கு மேல நீளமுங்க, இருந்தும் சின்ன இடத்துல திரும்பும். காரணம் சிம்பிள். மாருதியில முன் சக்கரம்தான் இழுக்குது, சக்கரத்துக்குப் போற ஆக்சில் ஜாயின்ட் ஒரு அளவுக்கு மேல மடங்காது. ஹெரால்டுல முன் சக்கரத்துக்குத் திரும்பறது மட்டும்தான் வேலை, அது பாட்டுக்கு மடங்கும்.

ஆனா அதே வண்டியோட பின்பக்கத்தைப் பத்தி யாருமே வாயைத் திறக்கலயே? ஊட்டி மலைப்பாதையில நான் ஓட்டியிருக்கனுங்க. பின்னாடி ஸ்விங் ஆக்சில். ரெண்டு ஆக்சிலும் நடுவுல டிஃபரன்ஷியல்கிட்ட மட்டும் மடங்கும், மேல குறுக்கால ஒரே பிளேட் செட், அதாவது ஸ்பிரிங். வளைவுல பாதியில பயந்து பிரேக்கை மிதிச்சீங்கன்னா பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ள மடங்கும், வண்டி வாலைச் சுழட்டும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, உள்ள போனதும் லேசா ஆக்சிலரேட்டர் கொடுத்துட்டே போகோணும். பழகினா ஒண்ணுமில்லீங்க, பழகாதவங்க கையில கொடுக்கக் கூடாது. 1972ல கெசல்னு அடுத்த வண்டி விட்டப்ப ஸ்விங் ஆக்சிலை எடுத்துட்டு சாதா ஆக்சில் போட்டாங்க. நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கும் ஆகல, ஓட்டறவங்களுக்கும் ஆகல.

மூணு சிலிண்டர் | ஞாயிறு, மதியம் 12.31

சரி, வட்டம் விஷயத்துல தோத்துட்டேன். இப்பதான் எங்க வீட்டு வாசல்ல டேப் வச்சு அளந்து பார்த்தேன், அம்மா என்னடா பண்றேங்கறாங்க.

டர்போ தம்பி | ஞாயிறு, மதியம் 2.15

ரெண்டையும் ஒண்ணாக்கிடலாமே? ஹெரால்டு பாடி, உள்ள ஏதாவது புது இன்ஜின், ஏசி, பவர் ஸ்டீயரிங். செம்மயா இருக்கும்.

ஆர்.சி. புத்தகம் | ஞாயிறு, மாலை 4.48

அதைச் செய்யறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க.

2021ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குத் தனி விதி கொண்டுவந்தாச்சு. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டின வண்டி, சேஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இல்லாம மூல வடிவத்துல இருக்கணும். புதுசாப் பதியறதுன்னா 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. அப்புறம் புதுப்பிக்க 5,000. நம்பர்ல வி.ஏ.ன்னு வரும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரையே வச்சுக்கலாம், அது பெரிய ஆறுதல். இன்ஜினை மாத்தினா இதெல்லாம் போச்சு.

இதுல ஒரு சிக்கல். விண்டேஜ்னு பதிஞ்சா தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பட்டறைக்குப் போக, அவ்வளவுதான்.

1985 மாருதி 2035 வரைக்கும் விண்டேஜ் ஆகாது. சாதாரண வண்டி மாதிரி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022ல 5,000 ஆச்சு, 2025ல இருபது வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. ஆனா அதைக் கட்டிட்டா தினமும் ஆபீஸுக்கே ஓட்டலாம், யாரும் கேக்க முடியாது.

ரெண்டு ஆர்.சி.யும் அப்பா பேர்ல இருக்குன்னா முதல்ல வாரிசுச் சான்றிதழோட படிவம் 31 கொடுத்துப் பேர் மாத்துங்க. தாமதக் கட்டணம் எவ்வளவுன்னு கவுன்ட்டர்லயே கேட்டுக்கங்க. வண்டியை லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி பேப்பர்.

வெந்த மனசு | ஞாயிறு, இரவு 9.30

பட்டறையைப் பத்தி ஒரு வார்த்தை. போன வருஷம் நான் ஒரு பழைய காரை, பேர் வேண்டாம், ஒரு இடத்துல விட்டேன். எட்டு மாசம். பணம் நாலு தவணையா போச்சு. வண்டி வந்தப்போ கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. முதல் மழையில கதவுக்குக் கீழ ஒரு கொப்புளம். நகத்தால சுரண்டினா விரல் பருமனுக்கு பட்டி. அடியில தகரமே இல்ல, நியூஸ் பேப்பரைத் திணிச்சு மேல பட்டி பூசியிருக்கான். பேப்பர்ல தேதி வரைக்கும் படிக்க முடிஞ்சுது.

பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி நேர்ல போய் ஒரு காந்தத்தை வச்சுப் பாருங்க. ஒட்டாத இடத்துல எல்லாம் பட்டிதான்.

பின்கட்டு ஷெட் | அடுத்த ஞாயிறு, இரவு 8.20

எல்லாருக்கும் நன்றி. சீனியர் சொன்ன மாதிரி ஊருக்குப் போய் மெக்கானிக்கைக் கூட்டிட்டு, ஸ்க்ரூ டிரைவரோட ஒரு நாள் பூரா ஷெட்லயே கிடந்தேன்.

மாருதி: டிரைவர் பக்கத்து மேட்டைத் தூக்கினேன், கீழ ஷெட்டோட மண் தரை தெரிஞ்சுது. ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படவே இல்ல. முன் ஸ்ட்ரட் உக்கார்ற டவர் ரெண்டும் நல்லாருக்கு. ரெண்டு பக்கமும் கதவுக்குக் கீழ உள்ள பெட்டி உளுத்துப் போச்சு. வலது டெயில் லைட்டு கண்ணாடி இல்ல. வயரிங்ல பாதியை எலி தின்னுட்டு, சீட்டுக்குள்ள குடித்தனமும் நடத்தியிருக்கு. ஆனா இன்ஜின் சுத்துது. புது பேட்டரி, கார்பரேட்டர் கழுவி, பாட்டில்ல பெட்ரோல் தொங்கவிட்டு செல்ஃப் அடிச்சதும் நாலாவது தடவையில பிடிச்சுடுச்சு. பதிமூணு வருஷத்துக்கும் மேல ஆச்சு அந்தச் சத்தத்தைக் கேட்டு. மூணு சிலிண்டருக்கே உண்டான அந்த தடதடப்பு.

ஹெரால்டு: சேஸ் நடு ரெண்டு கம்பியும் கெட்டி. பக்கவாட்டுல நீட்டிட்டு இருக்கற கைகள்ல பின்பக்கம் ரெண்டு போச்சு. பாடி நான் பயந்த அளவுக்கு இல்ல. பின் சக்கரம் ரெண்டும் காலை அகட்டி நிக்குது, பிளேட் செட் தொங்கிடுச்சாம். இன்ஜின் ஜாம்.

பட்டறை சீனியர் | அடுத்த ஞாயிறு, இரவு 9.10

நல்ல வேல பார்த்த தம்பி.

இன்ஜின் ஜாமுக்குப் பயப்படாத. பிளக்கக் கழட்டி டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி பத்து நாள் விடு. பல்லைக் கடிச்சுட்டு தள்ளி ஸ்டார்ட் பண்ணிடாத, ரிங்கு உடைஞ்சுடும். சுத்த ஆரம்பிச்சதும் ஒருத்தர கிளட்ச மிதிக்கச் சொல்லி, நீ முன்னாடி நின்னு கிராங்க் புல்லியப் பாரு. முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியற மாதிரி நகந்துச்சுன்னா த்ரஸ்ட் வாஷர் தேஞ்சிருக்கு. அத மாத்தாம ஓட்டினா பிளாக்கே காலி.

அப்புறம் முன் சக்கரத்துக் கீழ் ட்ரனியன், சக்கரம் திரும்பற மூட்டு. அதுல கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான். கிரீஸ் அடிச்சு அடிச்சுக் காய விட்டு, திருப்பும்போது சக்கரமே ஒடிஞ்சு படுத்த வண்டிய நான் பார்த்துருக்கேன்.

ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு: பெட்ரோல் ஓஸ், பம்ப் டயஃப்ரம் எல்லாத்தையும் எத்தனால் தாங்கற ரப்பரா மாத்து. இப்ப வர்ற பெட்ரோல் பழைய ரப்பர ஊற வச்சுடும்.

என்னக் கேட்டா ஹெரால்டு. மாருதி தரையக் கட்டறதுக்குள்ள ஹெரால்டு மெரினாவுக்குப் போய்ட்டு வந்துடும்.

வண்டலூர் மேற்கு | அடுத்த ஞாயிறு, இரவு 9.44

நானும் ஹெரால்டுதான். இதை நான் சொல்லித்தானா தெரியணும்.

மூணு சிலிண்டர் | அடுத்த ஞாயிறு, இரவு 10.02

மனசு மாருதி, மூளை ஹெரால்டு. தரை ஃபோட்டோ பார்த்ததும் வாயடைச்சுப் போச்சு. ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்த 1983 முதல் மாருதியே, டெல்லியில ஹர்பால் சிங் வாங்கினது, அவர் காலத்துக்கு அப்புறம் வாசல்ல துருப்பிடிச்சுக் கிடந்துதான் கம்பெனிக்காரங்க எடுத்துச் சரி பண்ணி காட்சிக்கு வச்சாங்க. அதுக்கே அந்தக் கதின்னா மத்ததை யார் எடுக்கப் போறாங்க?

பின்கட்டு ஷெட் | செவ்வாய், இரவு 11.15

முடிவு பண்ணியாச்சு. சீனியர் கோவிச்சுக்காதீங்க.

நேத்து ராத்திரி ஃபோட்டோ எல்லாம் அம்மாகிட்ட காட்டினேன். அப்பா வண்டின்னு ஹெரால்டைத்தான் முதல்ல காட்டினேன். அம்மா அதைப் பார்த்துட்டு சொன்னது: "அதுல நான் உக்காந்ததைவிட தள்ளினதுதான் அதிகம். பேட்டரி மாத்தச் சொன்னா உங்க அப்பாவுக்கு மனசு வராது." அடுத்து மாருதி ஃபோட்டோ. போனை வாங்கிப் பெரிசு பண்ணிப் பார்த்துட்டே இருந்தாங்க. 1987ல அந்த வண்டியிலதான் கத்துக்கிட்டாங்களாம். எங்க தெருவுல கார் ஓட்டின முதல் பொம்பளை. ஹெரால்டு ஸ்டீயரிங்ல அப்பா ஒரு நாள்கூட உக்கார விட்டதில்ல, "இது சுழட்டிடும், உனக்கு வேண்டாம்"னு. கோவைக்காரர் சொன்னதைப் படிச்சுக் காட்டினேன். "அப்ப அவர் சொன்னது நிஜந்தானா"ன்னாங்க. முப்பத்தெட்டு வருஷமா சாக்குன்னே நினைச்சிருக்காங்க.

அப்புறம் ஒரே கேள்வி: "லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சர்ட்டிபிகேட் எங்க வாங்கணும்?"

விண்டேஜ் நம்பர் வாங்கி ரேலிக்கு மட்டும் ஓட்டற வண்டி எங்க வீட்டுக்கு உதவாது. மாருதி வருது.

வண்டலூர் சார், உங்களுக்குத் தனியா மெசேஜ் போட்டிருக்கேன். ஹெரால்டை இரும்புக்கடைக்கு விட எனக்கு மனசில்ல. விலை பேச வேண்டாம், லாரி வாடகை உங்களுது. ஒரே நிபந்தனை, உங்க அப்பாவை ஒரு தடவை அது பக்கத்துல நிக்க வச்சு ஃபோட்டோ போடணும்.

வண்டலூர் மேற்கு | செவ்வாய், இரவு 11.21

சார், கை நடுங்குது. காலையில போன் பண்றேன். அப்பா இன்னும் தூங்கல, விஷயத்தைச் சொன்னதும் முதல் கேள்வி "என்ன கலர்?"

பின்கட்டு ஷெட் | செவ்வாய், இரவு 11.23

வெளிர் பச்சை. மேல ஒரு தடவை வெள்ளை அடிச்சிருக்கு, கதவைத் திறந்தா உள்ளுக்குள்ள பழைய பச்சை இருக்கு.

பட்டறை சீனியர் | புதன், காலை 6.30

கோவமெல்லாம் இல்ல. அம்மாவுக்கு வண்டின்னா முதல்ல பிரேக்கப் பாரு, அப்புறம் தரை. தரைக்கு 18 கேஜ் தகரம் போடச் சொல்லு, பொத்தல் மேல ஒட்டுப் போட விடாத. முழுசா வெட்டி எடுத்துட்டு வைக்கணும்.

மூணு சிலிண்டர் | புதன், காலை 7.05

அம்மாவுக்கு என் வணக்கம்! புதுப்பேட்டையில தெரிஞ்ச ஒரு கடையில பழைய பாடி சாமான் மூட்டை ஒண்ணு கிடக்கு, சனிக்கிழமை கிளறிப் பார்க்கறேன். வலது பக்கத்து டெயில் லைட்டுதானே?

பின்கட்டு ஷெட் | புதன், காலை 7.11

வலது. இடதும் இருந்தா எடுத்துடுங்க.